பார்த்தீனியமும் நாலு மரியாதைக்காரர்களும்

போன வாரம் அன்னூரில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: “மூணு ஏக்கரா புதர் மண்டிக் கெடக்குதுங்க. உழுதுபோட்டு மாட்டுக்குப் புல்லு வெதைக்கலாமுன்னு இருக்கறேன்.”

அவ்வளவுதான். என் கணவர் ரசம் சாதத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

“ஏனுங்க, உழுத கையோட வெதைச்சுப்போடாதீங்க!”

முன்பின் தெரியாத மனிதர். பாவம், பாயசம் வரும்வரை அவரால் தப்பிக்க முடியவில்லை. என் கணவர் களையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் அப்பளத்தை நொறுக்குவதில் கவனமாகிவிடுவேன்.

ஆனால் ஒன்று... அவர் சொன்னது எல்லாமே சரி. ஒவ்வொன்றையும் தப்பாகச் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டவர் அல்லவா!

என் கணவர் துரைசாமி ஒரு பம்ப் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவர். கையில் எடுத்த உதிரிபாகத்தை ஒரு தடவை திருப்பிப் பார்ப்பார். ‘ரிஜெக்ட்!’ ரிட்டயர் ஆன பிறகு என் சமையலும், வீட்டு பெயின்ட்டும், பேப்பர்காரர் வரும் நேரமும் ரிஜெக்ட் ஆகத் தொடங்கின. அதனால், அன்னூர் பக்கம் என் பங்குக்கு வந்த மூன்று ஏக்கரைக் காட்டி, “அதை ஏதாவது பண்ணுங்களேன்” என்று நான்தான் கிளப்பிவிட்டேன்.

சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் பின்னிக் கிடந்த காடு அது; எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். அவர் யோசித்தார். கிணத்துக்கடவில் அவருடைய தங்கை சரசு வீட்டில் ஆறு மாடுகள். வெயில் காலத்தில் தீவனத்துக்கு அலைகிறார்கள். கொழுக்கட்டைப் புல் விதைத்து, அறுத்துக் காயவைத்துக் கட்டுக் கட்டாக அனுப்பினால்?

முள்ளை இயந்திரம் வைத்துப் பிடுங்கினார். டிராக்டர் விட்டு ஆழ உழுதார். மறுநாளே விதைத்தார். மழையும் சொல்லிவைத்த மாதிரி பெய்தது. பத்தே நாளில் காடு முழுக்கப் பச்சை! குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போட்டார். ஆளாளுக்குக் கைதட்டினார்கள்.

நான் மட்டும் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புல்லுக்குச் சமமாக, கேரட் இலை மாதிரி ஒன்று தரையோடு படர்ந்திருந்தது. பார்த்தீனியம் என்ற விஷக்களை.

சொன்னேனா? இல்லை. மனிதர் ரொம்ப நாள் கழித்துச் சிரித்த முகமாக இருந்தார்... எப்படிச் சொல்வது? நானும் ஒரு கைதட்டல் அனுப்பினேன்.

அவர் கண்ணிலும் அது படாமல் இல்லை. “புல்லு வளந்தா அதை அமுக்கிப்போடும்” என்றார். டிராக்டர்காரர் “ஆமாங்கண்ணா” என்றார். பக்கத்துக் காட்டு மயிலாத்தாள் “அப்படிங்களா” என்றார்.

புல்லை அது அமுக்கியது. வெள்ளைப் பூ பூத்தது. அப்போதும் இவர் விடவில்லை. பூவும் புல்லுமாகச் சேர்த்து அறுத்து, காயவைத்து, கட்டுகளை வேனில் ஏற்றிச் சரசு வீட்டுக்கு அனுப்பினார். பச்சையாக மேயும் மாடு வேண்டாததை ஒதுக்கிவிடும். காய்ந்து நொறுங்கிப் புல்லோடு கலந்துவிட்டால் எதை ஒதுக்கும்?

பத்து நாள் கழித்து அங்கே போனோம். சரசு காபி கொடுத்தாள். ஒரு வாய் குடித்தேன். கஷாயம் மாதிரிக் கசந்தது. காபியிலிருந்து நிமிர்ந்து சரசுவின் வீட்டுக்காரர் நடராஜைப் பார்த்தேன். அவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“புல்லு எப்படி மாப்பிள்ளை?” என்று கேட்டார் இவர்.

“நல்லா இருக்குதுங்க மச்சான்.”

“பால் ஏன் கசக்குது?”

“லேசாத்தானுங்க... பழகிப்போச்சுங்க.”

பார்த்தீனியக் கசப்பென்று பால் வாங்கும் இடத்தில் இரண்டு நாளாக வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய கதை, சரசு சமையலறையில் என்னிடம் கிசுகிசுத்த பிறகுதான் தெரிந்தது. “அண்ணங்கிட்டச் சொல்லிப்போடாதீங்க அண்ணி. சங்கடப்படும்.”

இந்தத் தடவை நான் சொல்லிவிட்டேன். அவர் வழியைத் தவறவிட்டு, பல்லடம் வழியாகச் சுற்றிக்கொண்டு வீடு திரும்பினோம்.

மறுநாள் களைக்கொல்லி கேனோடு காட்டுக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். வேலியோரம் மயிலாத்தாள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் ஊர்க்காடுகளில் எல்லாம் கூலிக்குக் களை எடுத்தவர். இப்போது சொந்தமாகப் பத்து ஆடுகள். கேனைப் பார்த்தார்.

“அடிங்கண்ணா, அடிங்க. நாளைக்குச் சந்தையில ஆட்டை வித்துப்போடறேன்.”

“ஆட்டை எதுக்கு விக்கறீங்க?”

“மருந்தடிச்ச காட்டுக்குள்ள போகாதேன்னு சொன்னா, அதுகளுக்கு வெளங்குமுங்களா?”

கொங்கு நாட்டில் மிரட்டலுக்குக்கூட ‘ங்க’ உண்டு!

என் கணவர் கேனைக் கீழே வைத்தார். “நான் வெதைச்ச அன்னிக்கே இப்படி ஆகுமுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியுமுங்க.”

“சொல்லியிருக்கலாமில்லைங்க?”

“நீங்க கேக்கலைங்களே. கேக்காமச் சொன்னா மரியாதையா இருக்குமுங்களா?”

இப்போது கேட்டார். மயிலாத்தாள் சொன்னார். “மண்ணைப் பொரட்டினா அடியில தூங்கற வெதையெல்லாம் எந்திரிச்சு வருமுங்க. உழுதுபோட்டு ஒரு மழைக்கு உட்டிருக்கோணும். மொளைக்கறதெல்லாம் மொளைக்கட்டும். பூக்கறதுக்கு முன்னால ஒட்டுக்கா ஒழிச்சுப்போட்டு, பொறவுதான் புல்லு வெதைக்கோணும்.”

மயிலாத்தாள் நாலு பெண்களைக் கூட்டி வந்தார். கையுறை, முழுக்கைச் சட்டை, முகமூடி என்று நாங்களும் இறங்கினோம். ஈர மண்ணில் வேரோடு பிடுங்கினோம். இவருக்கு மட்டும் கழுத்தெல்லாம் தடித்து, டாக்டரிடம் ஓடினோம். ஊசி போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

ஒரு வழியாகக் காடு சுத்தமானது. அடுத்த மழை பெய்தது. போய்ப் பார்த்தால்... மறுபடியும் தரையெல்லாம் கேரட் இலை.

வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“முப்பது வருஷம் அடுத்தவன் தப்பைக் கண்டுபுடிச்சேன் அம்மணி. என்ர தப்பை ஒருத்தர்கூடச் சொல்லலை பாரு. நான் அவ்வளவு பொல்லாதவனா?”

“போட்டோவுலயே நான் பாத்துப்போட்டேனுங்க” என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். “அப்ப அந்தக் கைதட்டல்?” என்றார்.

“மரியாதைக்குங்க.”

அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறிப் பார்த்தால் — சிரிக்கிறார்!

அன்றைக்கே கையுறையை மாட்டினார். அதற்குப் பிறகு தினமும் விடிந்ததும் காட்டில் இன்ஸ்பெக்‌ஷன். ஒவ்வொரு செடியாகக் குனிந்து, பிடுங்கி, ‘ரிஜெக்ட்!’ மயிலாத்தாளும் பெண்களும் அதைப் பாட்டு மாதிரிச் சேர்ந்து சொல்வார்கள். ஒவ்வொரு மழைக்கும் முளைப்பு குறைந்தது. குறைந்த பிறகு மறுபடி புல் விதைத்தோம். வேலியோரம் மட்டும் இன்னும் வருகிறது. காற்றில் வரும் விதையை யார் தடுக்க முடியும்?

இந்த வருடம் பூ கலக்காத புல்லை அறுத்துச் சரசு வீட்டுக்கு அனுப்பினோம். இரண்டாம் நாள் இவரே போன் போட்டார். ஸ்பீக்கரில்.

“மாப்பிள்ளை, இந்தத் தடவை மரியாதையெல்லாம் வேண்டாம். உள்ளதைச் சொல்லோணும்.”

அந்தப் பக்கம் நடராஜ் தொண்டையைக் கனைத்தார். “மாடு நல்லாத் திங்குதுங்க மச்சான். பாலும் நல்லா இருக்குதுங்க. ஆனா... புல்லு கொஞ்சம் முத்திப்போச்சுங்க. பத்து நாள் முன்னாடியே அறுத்திருக்கோணும்.”

இவர் முகம் ஒரு விநாடி சுருங்கியது. அப்புறம் பேனாவைத் தேடி எடுத்து, ‘பத்து நாள் முன்னாடி’ என்று காலண்டர் ஓரத்தில் எழுதிக்கொண்டார். விருது வாங்கியவர் மாதிரி ஒரு சந்தோஷம்!

எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை. பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை வாராவாரம் அச்சுக்கு அனுப்புமுன் அவரிடம்தான் படிக்கக் கொடுக்கிறேன். பன்னிரண்டு வருடமாக ஒரே பதில்தான்: “நெம்ப நல்லா இருக்குது அம்மணி.”