ஆடி வந்த வண்டி

இன்று காலை மெக்கானிக் என் ஸ்கூட்டரின் ஹேண்டிலைக் கழற்றி, உள்ளிருந்த இரும்புக் குண்டுகளை மண்ணெண்ணெயில் அலசினார். "இந்தக் குண்டு ஓடுற கோன்செட்டுல குழி உழுந்திருச்சுங்க. ஹேண்டில் நடுவுல சிக்குது, அதான் மெதுவாப் போனா வண்டி ஆடுது" என்றார்.

அந்த வாசனையில் நின்றபடி அப்பாவின் பைக்கை நினைத்தேன். சின்ன வயதில் அதன் டேங்கின்மேல் உட்கார்ந்து நான் ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம், நேராக வந்ததும் டக்கென்று இப்படித்தான் சிக்கும்.

வெண்ணந்தூரில் எங்கள் தறிக்காரத் தெரு முழுக்கப் பாவுக்குப் போடும் கஞ்சியின் புளித்த வாசனை அடிக்கும், தறிச் சத்தத்தில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். சாயங்காலம் அந்தத் தெருவுக்குள் அப்பா மெதுவாகத் திரும்பினால் வண்டி பாம்பாக நெளியும், குழாயடிப் பெண்கள் குடத்தை இழுத்துக்கொண்டு, "ஏத்திக்கிட்டு வாராரு, வழி உடுங்கடி" என்று சிரிப்பார்கள்.

அப்பா குடித்து நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் வாசலில் அம்மா, "ஊதுங்க" என்பாள். அவ்வளவு உயரமான மனிதர், தெருவே பார்க்கக் குனிந்து ஊதுவார். "வெத்தலயப் போட்டு மறைச்சாச்சா?" என்பாள். அவர் வெற்றிலையை விட்டார். "இன்னிக்கு என்னத்தப் போட்டு மறைச்சீங்க?" என்றாள். கடைசியில் வண்டியை விற்றுவிட்டு நடந்தே வேலைக்குப் போனார். குடித்தே வண்டியைத் தொலைத்ததாகத் தெரு பேசியது. அந்தப் பெயரோடுதான் செத்தார்.

இப்போது அந்தத் தெரு இல்லை, இடித்துவிட்டுக் குடோன் கட்டியிருக்கிறார்கள். இதைப் போய்ச் சொல்ல மிச்சம் இருப்பது அம்மாவிடம் மட்டும்தான். வீட்டுக்கு வந்து, அப்பாவின் வண்டி ஆடியதற்குக் காரணம் இதுதான் என்று சொன்னேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. "குடிக்காமயா சாமி அத்தன பேரு சொல்லியிருப்பாங்க?" என்றாள்.