சிவப்புக் கட்டை

இதை யாரும் நம்ப வேண்டும் என்று நான் எழுதவில்லை. மதுவைத் தொட்டுப் பதினாறு வருஷம் ஆகிறது. கண்ணும் காதும் நன்றாகவே இருக்கின்றன. பக்கத்தில் இருந்த பெண்மணிக்கும் அந்தக் குரல் கேட்டது. பயந்தேன் என்று ஒப்புக்கொள்வதில் எனக்குக் கூச்சமே இல்லை. நான் வெட்கப்பட வேண்டியது வேறு. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் இது முழுசாகும்.

என் பெயர் எமெட் ஸ்ட்ரோட். கலிபோர்னியாவில், விசாலியாவுக்குப் பக்கத்தில், ஹாட் ராட், அதாவது பழைய கார் உடம்பில் வேக எஞ்சின் பூட்டிய வண்டிகள், விற்கும் கடையில் இருபது வருஷம் விற்பனையாளனாக இருந்தேன். 1932-ஆம் வருஷத்து வண்டியின் லேசான உடம்பு. அதற்குள் நானூற்றைம்பது குதிரைசக்தி எஞ்சின். இரண்டே இருக்கை. ஏர்பேக் கிடையாது, வழுக்கினால் காப்பாற்றும் எந்தக் கருவியும் கிடையாது. பழக்கமில்லாதவர் காலை அழுத்தினால் பின்சக்கரம் சுழன்று, வண்டி தன் இஷ்டத்துக்குத் திரும்பிவிடும்.

அதனால் எங்கள் கடையில் ஒரு வழக்கம். ஓட்டிப் பார்க்க வருகிறவருக்கு ஆக்ஸிலேட்டருக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, இரண்டு நட்டுகளைக் கையாலேயே திருகி இறுக்குவோம். எவ்வளவு மிதித்தாலும் பாதிக்கு மேல் போகாது. கடையில் இருந்தது ஒரே கட்டை, சிவப்பு வர்ணம் அடித்தது.

மூன்று வருஷத்துக்கு முன், நவம்பரில், ஆர்லன் பீட்டி வந்தார். ஸ்கூல் பஸ் டிரைவர். இருபத்தாறு வருஷம் ஓட்டியவர், பஸ்ஸில் ஒரு கீறல் கிடையாது. ஓய்வுபெறப் போகிறார், ஆசைக்கு ஒரு வண்டி வேண்டுமாம். ஓட்டுமுன் வண்டியைச் சுற்றி வந்து நான்கு டயரையும் உதைத்துப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"சிரிக்காதப்பா. என் பஸ்ல அம்பது பிள்ளைங்க பின்னாடி உக்காந்து கத்துறதால நான் மெதுவா போறேன். இதுல யாரு கத்துவா?"

"நான் கத்துறேன், வாங்க."

அவரும் சிரித்தார். பெல்ட்டை மாட்டிக்கொண்டு கேட்டார். "கட்டைன்னு சொன்னியே... கட்டை போட்டாச்சா?"

கட்டை பட்டறை மேஜையில் கிடந்தது. குனிந்து, முட்டி போட்டு, நட்டு திருக வேண்டும். மூன்று நிமிஷ வேலை. எனக்குச் சோம்பல்.

"போட்டாச்சு" என்றேன்.

கால்வாய்ப் பக்கத்து நேர் சாலைக்கு வந்ததும், "இப்ப முழுசா மிதிங்க, கட்டை இருக்கு" என்றும் நானேதான் சொன்னேன். அவர் என்னை நம்பி மிதித்தார். வண்டி ஒரு சுற்று சுற்றியது. என் பக்கத்துக் கதவு பிய்ந்து நான் கரையில் விழுந்தேன். அவர் வண்டியோடு தண்ணீருக்குள் போனார்.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கேட்டபோது, "கட்டை போட்டேன். கால்ல இடிக்குதுன்னு கிளம்புறதுக்கு முன்னாடி அவரே கழட்டி வெச்சுட்டாரு" என்றேன். செத்தவர் வந்து மறுத்துப் பேசப் போவதில்லை. அவர் வேலை பார்த்த இடத்தில் விபத்தில்லாத டிரைவர்களின் பெயர்ப் பலகை ஒன்று உண்டு. அதிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்றும் வாயைத் திறக்கவில்லை. அவர் மனைவி நெல்டா சவ அடக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரால உங்களுக்கும் அடி பட்டுருச்சே, மன்னிச்சிருங்க" என்று அழுதார். நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

அதற்குப் பிறகு ஒருமுறைகூட நான் கட்டையை மறந்ததில்லை. ஆனால் கட்டை என்ற வார்த்தையை யாரிடமும் சொல்வதில்லை. வாங்க வருகிறவர்கள் வருமுன்பே மாட்டிவிடுவேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். போன வருஷம், ஜனவரி, ஒரு செவ்வாய்க்கிழமை.

பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து ரொசால்பா குயின்டெரோ என்ற பெண்மணி வந்திருந்தார். பாதாம் தோட்டக்காரர், தைரியசாலி. வெளியே மூடுபனி. பனியில் வண்டி எடுக்கக் கூடாது என்பதும் கடை விதிதான்.

"பனி இன்னும் போகலையே எமெட்" என்றார் முதலாளி டுவேன்.

"விலகிட்டு இருக்கு. பத்து நிமிஷத்துல வந்துருவோம்" என்றேன். விற்கிற அவசரம். நான் திருந்தியிருந்த லட்சணம் அவ்வளவுதான்.

8:40-க்கே, அவர் வருமுன், கட்டையை மாட்டினேன். இரண்டு நட்டையும் இறுக்கினேன். 8:55-க்கு நான்தான் ஓட்டிக்கொண்டு கிளம்பினேன். மிதி பாதியில் நின்றது. கட்டை இருந்தது. இதைச் சத்தியம் செய்து சொல்வேன்.

9:06. தேவாலயத்து வாசலில் இடம் மாறினோம். அவர் ஓட்ட உட்கார்ந்தார்.

9:10. கால்வாய்க்குப் போகும் சாலைக்குத் திரும்பினோம். இரண்டு பக்கமும் ஆரஞ்சுத் தோட்டம். பனி இங்கே அடர்த்தியாக இருந்தது. எஞ்சின் குடு... குடு... என்று உறுமியது.

அவர் சிரித்தபடி என் பக்கம் திரும்பினார். "என்ன கட்டை?"

"என்னங்க?"

"கட்டை போட்டாச்சான்னு கேட்டீங்களே?"

நான் கேட்கவில்லை.

நான் வாயே திறக்கவில்லை.

"காத்துச் சத்தமா இருக்கும்" என்றேன். கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது.

9:12. வண்டிக்குள் ஒரு வாடை. பாசி... சேறு... தேங்கிய தண்ணீர். கால்வாய் இன்னும் அரை மைல் தள்ளி இருந்தது. என் பெல்ட்டை யாரோ இரண்டு தரம் இழுத்துப் பார்த்தது போலிருந்தது. இறுக்கமாக இருக்கிறதா என்று பஸ்காரர்கள் சோதிப்பார்களே... அப்படி.

"மறுபடியும் கேக்குறீங்க" என்றார் ரொசால்பா. இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. "உங்க குரல் மாதிரியும் இல்லையே."

நான் என் பக்கத்துக் கண்ணாடியை இன்னொரு தரம் ஏற்றிப் பார்த்தேன்.

9:13. நேர் சாலை. முன்னால் வெறும் வெள்ளை.

"இங்க ஒரு மிதி மிதிச்சுப் பாக்கட்டுமா?" என்றார்.

கட்டை இருக்கிறது. பாதிக்கு மேல் போகாது. பிறகென்ன பயம்? "மிதிங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன்...

அப்போது எனக்கும் கேட்டது.

காதோரத்தில்.

ஈரமான மூச்சோடு.

"கட்டை போட்டாச்சா?"

என் வாய் தானாகவே சொன்னது. "போட்டாச்சு."

ஒரு நொடி... இரண்டு நொடி...

"குனிஞ்சு பாத்தியா?"

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். "காலை எடுங்க! ஓரமா நிறுத்துங்க!"

அவர் நிறுத்தினார். நான் இறங்கி ஓடி, அவர் பக்கத்துக் கதவைத் திறந்து, முட்டி போட்டுக் குனிந்தேன். அந்த நவம்பரிலேயே குனிந்திருக்க வேண்டியவன்.

கட்டை இல்லை.

இரண்டு நட்டுகள் மட்டும்... இறுக்கித் திருகியபடி. தொட்டேன். ஈரம்.

கடிகாரம் 9:14.

டிக்... டிக்... டிக்... என்று ஒரு சத்தம். தலையைத் தூக்கினேன். முன்னால் நாற்பது அடி தூரத்தில் பனிக்குள் சிவப்பு விளக்குகள் மாறி மாறி எரிந்தன.

ஸ்கூல் பஸ்.

பனி நாட்களில் எங்கள் பக்கத்தில் பள்ளிகள் இரண்டு மணி நேரம் தாமதமாகத் திறக்கும். பஸ்ஸும் அப்படித்தான். காலையில் வானொலியில் சொல்வார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவன் மறக்கக் கூடாத விஷயம். இந்த நேரத்துக்குப் பஸ் எல்லாம் போயிருக்கும் என்று நான் வழக்கமான நாள் கணக்கில் இருந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறச் சாலையைக் கடந்து பிள்ளைகள் போனார்கள். நான் ஆறு எண்ணினேன். கடைசிப் பிள்ளை எங்கள் வண்டியைப் பார்த்துக் கையசைத்தது.

ரொசால்பா எஞ்சினை அணைத்தார். "முழு மிதி மிதிக்க இருந்தேன்" என்றார்.

அங்கேயே தேடினேன். இருக்கைக்கு அடியில், சாலையில், தேவாலய வாசலில், கடையில்... கட்டை எங்கும் இல்லை.

மாலை நான்கு மணிக்கு நெல்டா வீட்டுக்குப் போனேன். போர்ட்டர்வில், முப்பது மைல். போகிற வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடினேன். அப்போதும்கூட, பாதியை மறைத்துச் சொல்ல முடியுமா என்றுதான் என் கேடுகெட்ட புத்தி போயிற்று.

கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்.

"நல்லவேளை வந்தீங்க. உங்ககிட்டதான் கேக்கணும்னு நெனச்சேன். வண்டி சாமான் மாதிரி இருக்கு. இது என்னன்னு பாருங்க."

அடுப்புப் பக்கத்தில் செய்தித்தாள் விரித்து, அதன் மேல் காய வைத்திருந்தார்.

சிவப்புக் கட்டை.

ஓரத்தில் பாசி ஒட்டியிருந்தது.

"என்ன இது?"

இது என்ன என்று சொல்ல வேண்டுமானால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொன்னேன். நின்றபடியே, தரையைப் பார்த்துக்கொண்டு. என் சோம்பலை, 'போட்டாச்சு' என்றதை, ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யை, சவ அடக்கத்தில் தலையாட்டியதை.

நெல்டா கட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவரு கேட்டாரா?"

"கேட்டாரும்மா. பெல்ட் போட்டதும் கேட்டாரு."

"கேட்டிருப்பாரு" என்றார். "கேக்காம வண்டி எடுக்கவே மாட்டாரு. நான் எல்லார்கிட்டயும் சொன்னேன். யாரும் நம்பல. கடைசில நானே நம்பாம விட்டுட்டேனே, பாவி."

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தன்னைத் திட்டிக்கொண்டார்.

மறுநாள் போலீஸில் வாக்குமூலத்தை மாற்றி எழுதிக் கொடுத்தேன். அன்றே வேலை போயிற்று. வழக்கு நடக்கிறது. நடக்கட்டும். ஆர்லன் பெயரைப் பலகையில் திரும்பவும் மாட்டியிருக்கிறார்கள்.

அன்று அந்த வீட்டிலிருந்து கிளம்பும்போது, கட்டை எங்கே கிடைத்தது என்று கேட்டேன். பின்வாசல் படியில் என்றார் நெல்டா. ஆர்லன் தினமும் வேலை முடிந்து வந்து காலணியைக் கழற்றி வைக்கிற இடத்தில்.

"எத்தனை மணிக்கு?"

"ஒம்பது பதினாலு. நாய் கொலைச்சுதுன்னு கடியாரத்தப் பாத்தேன். வாலை ஆட்டிக்கிட்டே கொலைச்சுது. அவரு போனதுல இருந்து அது அப்படிக் கொலைச்சதே இல்ல."