வாளையாறு வரிசையில் உடைந்த சீல்

புதுச் செருப்புப் பெட்டியைத் திறந்ததும் மூக்கில் ஏறுமே ஒரு வாசனை, பசையும் தோலும் மெல்லிய தாளும் கலந்தது, எனக்கு அதுதான் அப்பாவின் வாசனை. ஆம்பூரில் ஒரு செருப்புத் தொழிற்சாலையிலிருந்து கொச்சித் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் கழற்றிப் போடும் காக்கிச் சட்டையை நான் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் துவைக்கப் போடுவேன். எங்கள் வரிசை வீடுகளில் கடல் வரைக்கும் போய்வருகிறவர் அவர் ஒருவர்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

எங்கள் தெருவில் சாமிக்கு அடுத்தபடி பயப்பட்டது "சீல்" என்ற ஒன்றுக்குத்தான். பெட்டிகளை ஏற்றிக் கண்டெய்னர் கதவை மூடியதும், எண் பொறித்த இரும்புக் கொக்கி ஒன்றை அறைந்து பூட்டுவார்கள். அதற்குச் சாவி கிடையாது. கடலுக்கு அப்பால் சரக்கை வாங்குகிறவன் வெட்டித்தான் எடுக்க வேண்டும். வழியில் உடைந்திருந்தால் டிரைவர் திருடன், அதற்கு விசாரணைகூட வேண்டாம். "கை போனாலும் சீல் போவக் கூடாதுப்பா" என்று லாரி முதலாளி ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புவார்.

வெள்ளிக்கிழமைப் பயணம் என்றால் ஒரு சிக்கல். ராகு காலம் முடியாமல் அப்பா சீல் வைக்க விடமாட்டார். சீல் வைக்கும் தொழிற்சாலை மேற்பார்வையாளரோ ஜும்மா தொழுகைக்குப் போயாக வேண்டும். நடுவில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் எல்லாரும் காலில் வெந்நீர் கொட்டியதுபோல ஓடுவார்கள். உள்ளே போன ஆட்கள் வெளியே வந்துவிட்டார்களா என்று எண்ணிப் பார்ப்பது மற்ற கிழமைகளுக்கு மட்டும்தான். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் பக்கத்து வீட்டுச் சேகர் மாமா, அங்கே லோடு ஏற்றுகிறவர், காய்ச்சலோடு வேலைக்குப் போயிருந்தார். அடுக்கிய பெட்டிகளுக்கும் கூரைக்கும் நடுவில் இருந்த இடுக்கில் சற்று நேரம் சாயலாம் என்று படுத்தவர் அப்படியே தூங்கிவிட்டார். கதவு மூடியது, சீல் விழுந்தது, அப்பா கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை கேரள எல்லையில், வாளையாறு வரிச் சோதனைச்சாவடியில், வழக்கம்போலக் கண்ணுக்கு எட்டியவரை லாரிகள். அப்பா எஞ்சினை நிறுத்தினார். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு தட்டல் கேட்டது. மேற்பார்வையாளருக்குப் போன் போட்டதற்கு, "பொட்டி சரிஞ்சிருக்கும். நீ போய்க்கினே இரு, கப்பல் நமக்காக நிக்காது" என்று பதில் வந்தது. அப்பா மறுபடி கதவில் காதை வைத்துக் கேட்டார், வரிசையில் நின்ற மற்ற டிரைவர்களும் வந்து கேட்டார்கள். பிறகு பஞ்சர் கடைக்குப் போய் இரும்பு வெட்டும் கத்தரியை வாங்கிவந்து சீலை வெட்டினார். மூத்திரமும் வேர்வையுமாக உள்ளேயிருந்து சரிந்து விழுந்த சேகர் மாமா அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு, "நீதாண்ணா என் சாமி" என்றாராம்.

அந்தச் சாமிக்குப் பூஜை அடுத்த வாரம் நடந்தது. ஆளை உள்ளே வைத்துப் பூட்டினார்கள் என்ற பேச்சு வெளியே போனால் தொழிற்சாலைக்குக் கேடு, வாங்குகிறவன் ஓடிவிடுவான். டிரைவர் திருடினான் என்றால் யாருக்கும் நஷ்டமில்லை. தொழிற்சாலை முற்றத்தில், எல்லார் முன்னாலும், செருப்புக் கம்பெனி முதலாளி சேகர் மாமாவிடம் என்ன நடந்தது என்று கேட்டார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "நான் உள்ளயே இல்ல சார். இவருகூட முன்னாடி சீட்ல ஒக்காந்து கேரளா பாக்கப் போனேன். அங்க இவருதான் கத்தரி வாங்கினு வந்து ஒடச்சாரு" என்றார். தட்டலைக் கேட்ட மற்ற டிரைவர்கள் ஆளுக்கொரு மாநிலத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். அப்பாவை அன்றைக்கே வெளியே அனுப்பினார்கள். சேகர் மாமா அந்த வருஷமே மேஸ்திரி ஆனார். அவர் முகத்தில் நான் இன்றுவரை ஒரு கூச்சத்தைக்கூடப் பார்த்ததில்லை.

அம்மா அழவில்லை. "ஊர்ல இருக்கறவன் உசுரு உனுக்கு இன்னாத்துக்கு? செத்தா அவன் பொண்டாட்டி அழுதுட்டுப் போறா" என்று சோறு போடும்போதெல்லாம் சொன்னார். தெருப் பிள்ளைகளும் சும்மா இல்லை. வரிசை வீடுகளுக்குப் பொதுவாக இருந்த கக்கூஸில் நான் போகும் நேரம் பார்த்து, சேகர் மாமாவின் மகன் வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, "சீல் வெச்சாச்சு, ஒடச்சா திருடன்" என்று கத்துவான். கூட நிற்பவை எல்லாம் சிரிக்கும். நான் தட்டத் தட்ட அவர்களுக்கு ஜாலி. ஒருநாள் பள்ளி மணி அடித்து எல்லாரும் போன பிறகும் உள்ளே இருந்தேன். சேகர் மாமாவின் மனைவி வாசலில் துணி காயவைக்கும் சத்தம் கேட்டது. அத்தை அத்தை என்று கூப்பிட்டேன். அவள் துணிகளை ஒவ்வொன்றாக உதறிக் காயப்போட்டு முடித்து, வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். அவளை இந்த வயதிலும் நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

அப்பாவுக்குக் கடைசியில் கிடைத்தது பச்சைத்தோல் லாரி. உப்புப் போட்ட மாட்டுத்தோலிலிருந்து நீர் வழிந்துகொண்டே வரும் வண்டி. தெருமுனைக்கு வரும் முன்பே நாற்றம் வீட்டுக்கு வந்துவிடும். அவர் சட்டையை நான் குச்சியால் தூக்கி வாளியில் போட்டேன். அவர் அதைப் பார்த்தார்.

வரி முறை மாறியதும் வாளையாற்றில் அந்த வரிசை போய்விட்டது. லாரிகள் நிற்காமல் எல்லையைத் தாண்டுகின்றன. சீலும் பழைய சீல் இல்லை. வெளியே யாராவது தொட்டால் எங்கோ ஓர் அலுவலகத்தில் மணி அடிக்குமாம். உள்ளேயிருந்து தட்டினால் அடிக்குமா என்று விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை.

போன மாதம் நெடுஞ்சாலை ஓரம் அப்பாவோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன். கண்டெய்னர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன்: "ஏம்பா, இப்ப நீ ஓட்டினு போற, பின்னால யாரோ தட்டறாங்க. இன்னா பண்ணுவ?"

அவர் யோசிக்கவேயில்லை.

"பாட்டு சவுண்ட ஜாஸ்தி வெச்சிக்கினு போய்க்கினே இருப்பேம்மா."