அக்காவின் புத்தகத்தில் நான் வைத்த புள்ளிகள்

அக்கா போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், சிட்லபாக்கம் அக்கம்பக்கத்தாருக்கும், அக்காவின் அலுவலக நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. மறைமலை நகரில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிறேன். குறை கண்ட இடத்தில் குறி போடுவது என் பிழைப்பு. முன்கோபி என்பதும் உங்களுக்குத் தெரியும்.

அக்கா பெருங்களத்தூரில் பிறந்தவர். எனக்கு ஆறு வயது மூத்தவர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் கல்யாணம். அத்தான் அரசு அலுவலகத்தில் பணியில் இருக்கும்போதே காலமாகிவிட்டார். கருணை அடிப்படையில் அந்த வேலை அக்காவுக்கு வந்தது. ஒருவர் தயவையும் எதிர்பார்க்காமல் மகளைத் திருச்சியில் கல்லூரி விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தார். ஆனால் பதவி உயர்வுக்குத் துறைத் தேர்வு எழுதியாக வேண்டும். அதில் புத்தகம் பார்க்காமல் எழுதும் தாளில் இரண்டு முறை தோற்றார். பின்னால் வந்தவர்களெல்லாம் மேலே போக, அக்கா மட்டும் அதே நாற்காலியில் இருந்தார். வெளியில் சிரித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் அது அவரை அரித்தது.

படிக்காமல் தோற்கவில்லை. ஒரே பாடத்தைப் பத்துத் தடவை படிப்பார். வரிக்கு வரி மஞ்சள் பேனாவால் கோடு போடுவார். விடுமுறைக்கு வந்த மகள்தான் அந்தப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுச் சொன்னாள்: “அம்மா, நீ படிக்கல, கலர் அடிக்கற. மூடி வெச்சிட்டு சொல்லு பாக்கலாம்.”

அக்காவுக்கு நாலு வரி வரவில்லை. அன்றைக்கு ரொம்ப அவமானப்பட்டுப் போனார். மறுநாளே படிக்கும் முறையை மாற்றிக்கொண்டார். இரண்டு பக்கம் படிப்பது, மூடுவது, சொந்த வார்த்தையில் சொல்வது. மறுநாள் அதையே படிக்காமல் சொல்வது. பிறகு மூன்று நாள் விட்டு, அப்புறம் ஒரு வாரம் விட்டு. கேட்க ஓர் ஆள் வேண்டுமே? எனக்கு மதிய ஷிஃப்ட் என்பதால் காலையில் சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போவேன். அவர் சமைத்துக்கொண்டே சொல்வார். நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு, அவர் விட்ட இடத்துக்கு நேரே பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் தேதியும் போடுவேன். கம்பெனிப் பழக்கம்.

விடுப்பு விதிகள் பாடத்தில் முதல் நாள் பதினெட்டுப் புள்ளி. மூன்றாவது வாரம் இரண்டே இரண்டு. “பரவால்லயே, எனக்கும் மண்டையில ஏறுதுடா” என்று அக்கா குழம்புக் கரண்டியோடு நின்று சிரித்ததை மறக்க முடியவில்லை. அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது.

தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது புள்ளிகள் அதிகமாக ஆரம்பித்தன. புதுப் பாடத்தில் கூடியிருந்தால் பரவாயில்லை. தலைகீழாகத் தெரிந்த விடுப்பு விதிகளில் ஆறு, ஒன்பது, பதினான்கு. பாதி வாக்கியத்தில் நின்று, வார்த்தை கிடைக்காமல் கையை அசைப்பார். தலைவலி என்றார், கண்ணாடி மாற்ற வேண்டும் என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அதட்டினேன்.

“நல்லா தெரிஞ்சதே வரலன்னா என்னக்கா அர்த்தம்? மனச எங்க வெச்சிருக்க?”

அக்கா புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அவர் அசட்டையாக இருக்கிறார் என்றே நினைத்தேன். பாவி, எண்ணி எண்ணிப் புள்ளி வைத்தேனே தவிர, ஏன் கூடுகிறது என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

தேர்வு எழுதிவிட்டுத் திரும்பிய அக்கா, தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடைமேடையில் உட்கார்ந்துவிட்டார். யாரோ ஒரு பெண்மணி அக்காவின் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டார். ஸ்கேனில் மூளையில் கட்டி என்று தெரிந்தது. மறதி எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டார். அக்கா மகள் பக்கத்தில் நின்றாள். எனக்குத் தேதியோடு தெரியும். ஆனாலும் “ஒரு பத்து நாளா இருக்கும் சார்” என்றேன்.

கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். வந்திருந்தால் அக்கா பிழைத்திருப்பாரா என்று நான் கேட்கவில்லை. இன்று வரை கேட்கத் துணிவு வரவில்லை. நாற்பது நாளில் அக்கா போய்விட்டார். தேர்வு முடிவு வந்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை. தேறவில்லை.

நடைமேடையில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் வரும்வரை காத்திருந்த, பெயர் கேட்க மறந்துபோன அந்தப் பெண்மணிக்கும், மருத்துவமனையில் முறை வைத்துத் துணைக்கு இருந்த அலுவலகத் தோழிகளுக்கும், மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுவந்த எதிர் வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அக்கா மகளிடம் கொடுத்தேன். பத்து நாள் என்று நான் சொன்னது பொய் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. கடைசி வரி வரைக்கும் படித்தாள். “ரெண்டு மாசம்னு இருக்கறத மாத்தாதீங்க மாமா. அப்படியே போடுங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அப்படியே போட்டிருக்கிறேன்.