பேஸ் பெட்டியும் லீடு கிட்டாரும்

குனிந்து, பேஸ் குமிழை இடப்பக்கம் முட்டும்வரை திருகி ஒடுக்கிவிட்டு, ட்ரெபிள் குமிழை வலப்பக்கம் முட்டும்வரை முறுக்குகிறார் ஏசுபாதம். பிறகு அந்த ஸ்பீக்கர் பெட்டியின் மேல் காதை வைத்து, நெஞ்சுச்சளி கேட்கும் டாக்டர் மாதிரி கண்ணை மூடிக்கொள்கிறார். அடுத்து மஞ்சள் பையிலிருந்து இரண்டு செங்கற்கள் வெளியே வருகின்றன. பெட்டி மேடைப் பலகையில் பட்டால் பலகையும் சேர்ந்து உறுமுமாம். அதனால் செங்கல் பீடம். போகிற ஊரில் செங்கல் கிடைக்காதா என்று கேட்டால், “கெடைக்கும். ரெண்டும் ஒரே ஒசரமா கெடைக்குமா?” என்பார். அதற்குமேல் பேச முடியாது.

பகலில் அவர் செங்கல்பட்டு கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போடுகிறவர். ஊர்க்காரர்களின் பிறப்பு, சாதி, படிப்பு எல்லாம் அவர் கையால்தான் பிளாஸ்டிக்குக்குள் போகின்றன. முகூர்த்த நாளிலும் ஆடி மாதத்திலும் உலகநாதன் இன்னிசைக் குழுவின் லீடு கிட்டார். கம்பியை மீட்டுகிற சில்லைக் கடையில் காசு கொடுத்து வாங்குவதில்லை. லேமினேஷனில் வீணாய்ப் போன துண்டுகளை வெட்டி அவரே செய்துகொள்கிறார். இப்போது கையில் இருப்பதில் ஒரு தாசில்தாரின் பாதிக் கையெழுத்து தெரியும். “நல்லா வழுக்காம நிக்குது” என்று அந்த அதிகாரிக்கு நற்சான்று வேறு.

பெட்டி வந்த கதை தனி. மாமல்லபுரத்தில் கடலோர வரவேற்பு ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்தபோது, உப்புக் காற்று குடித்துக் குடித்து நொந்துபோயிருந்த பழைய கிட்டார் ஆம்ப்ளிஃபையர் ஒரு ‘டப்’போடு கண்ணை மூடியது. அதே வாரம், பாட்டுக் கச்சேரியை நிறுத்திவிட்ட ஒரு ஓட்டல் தன் சாமான்களை விற்றது. பழைய ஸ்பீக்கர் வாங்குகிறவர்களுக்கு ஒரு சாஸ்திரம் உண்டு: தூக்கிப் பார். காந்தம் கனமென்றால் சத்தமும் கனம். ஏசுபாதம் அங்கிருந்த ஒரு பெட்டியைத் தூக்கினார். இடுப்புப் பிடித்துக்கொண்டது. மனம் நிறைந்து வாங்கிவிட்டார்.

வீட்டுக்குள் வந்து இறங்கியதைப் பார்த்த மனைவி சாராள், “பீரோ வாங்குறேன்னு சொன்னீங்க. இதுல பொடவை எங்க வெக்கிறது?” என்றாள். குழுவில் முன்பு பேஸ் கிட்டார் வாசித்து, பிறகு கம்பெனிகளுக்கு வேன் ஓட்டப் போய்விட்ட லட்சுமணன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். “மச்சான், இது பேஸ் பெட்டி. நாலு தடிக் கம்பிக்குச் செஞ்சது. உன் ஆறு கம்பி இதுல மூச்சு முட்டிச் செத்துடும்.”

சாகவில்லை. ஆனால் வேறொன்று நடந்தது. கிட்டார் பெட்டியில் சத்தத்தை ஏற்றினால் அது கிழியும். அந்தக் கிழிசலைத்தான் ஊரார் கிட்டார் என்கிறார்கள். பேஸ் பெட்டி எவ்வளவு ஏற்றினாலும் கிழிவதில்லை. போட்டதைப் போட்டபடி, கொஞ்சம் கம்மிய குரலில் சொல்லும். இருபது வருடமாகக் கரகரப்பில் ஒளிந்துகொண்டிருந்த தவறுகள் ஒவ்வொன்றையும் அது கோர்ட் டவாலி மாதிரி பேர் சொல்லிக் கூப்பிட்டது. வேறு ஆளாக இருந்தால் பெட்டியை அன்றைக்கே தள்ளிவிட்டிருப்பார். இவருக்கோ அரிப்பு. இன்னும் என்னென்ன தப்பு இருக்கிறது என்று பார்க்க ஆறு மாதம் அதன் முன்னால் உட்கார்ந்து, பழைய பாட்டையெல்லாம் முதலிலிருந்து வாசித்தார். “தப்பு தெரியுதுன்னு யாராவது கண்ணாடிய விப்பாங்களா?” என்பார்.

உலகநாதனுக்குக் கண்ணாடி வேண்டாம், சத்தம் வேண்டும். “இன்னா நைனா, கிட்டார் வாசிக்கிறியா, தண்ணி லாரி ரிவர்ஸ் எடுக்கிறியா?” என்று மேடையிலேயே கேட்டவர். கிழிசலை வரவழைக்கிற பெடல் ஒன்றையும் கடன் வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். போர்வைக்குள் தேனீ புகுந்த மாதிரி இருந்தது. அதற்குள் கீபோர்டுக்கார இளைஞன் பிரவின்குமார் ஒரு பட்டனை அழுத்திக் காட்டினான். பட்டனுக்குள் கிட்டார் இருந்தது. நன்றாகக் கிழிந்தது. தூக்கிக்கொண்டு திரியவும் வேண்டாம்.

இரண்டாயிரத்து இரண்டு, ஆடித் திருவிழா. நெம்மேலிப் பக்கம் ஒரு மீனவர் குப்பம். வேனில் போகும்போதே உலகநாதன் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

“மொத மூணு பாட்டுக்கு நீ கம்பியத் தொடாத. பட்டன் வாசிக்கும். ‘கிட்டார் எங்க?’ன்னு ஒரு ஆளு எழுந்து நின்னா, நீ எப்பவும் எங்கூட கீற. ஒருத்தனும் எழுந்துக்கலன்னா அடுத்த ஊருக்கு வேன்ல உனக்கு எடம் இல்ல. கோச்சுக்காத.”

“சரி அண்ணாத்த” என்றார் ஏசுபாதம். கோபம் இல்லை. தன் கிட்டாரை யாராவது தேடுவார்களா என்று அவருக்கே தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது, அதுதான் கோளாறு. ஒருவரும் தேடவில்லையென்றால் மிச்சமிருப்பது லேமினேஷன் மட்டும் என்பதும் உள்ளே எங்கோ சுட்டுக்கொண்டிருந்தது.

மத்தியானம் மேடை தயாரானதும் பெட்டி சரியாக இருக்கிறதா என்று கொஞ்ச நேரம் வாசித்துப் பார்த்தார். மேடையோரம் நெத்திலி உலர்த்திக்கொண்டிருந்த பூவாயி கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள். ஐஸ் உடைக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே பதினைந்து வருடம் வேலை பார்த்ததில் காது மங்கிப்போனவள். அவளிடம் எதையும் நெருங்கிப் போய்க் கத்த வேண்டும். அவள் எட்டிப் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, ஏசுபாதம் நிறுத்துகிறவரை நின்றாள். நெத்திலியைக் காக்கை கொத்தியது.

சாயங்காலம் முதல் பாட்டுக்குப் பட்டன் வாசித்தது. விசில் பறந்தது. இரண்டாம் பாட்டுக்கு இன்னும் பெரிய விசில். ஏசுபாதம் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட சித்தப்பா மாதிரி நின்றார். அவர் சும்மா நிற்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. மூன்றாம் பாட்டு பாதி ஓடியபோது உலகநாதன் திரும்பி அவரைப் பார்த்தார். பார்வையில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

அப்போதுதான் முன்வரிசையில் பூவாயி எழுந்தாள்.

“யோவ் மைக்கு! அந்த ஆளு ஏன் கல்லு மாரி நின்னுகினு கீறாரு? அவரு கிட்டார் எங்க?”

பாட்டு நின்றது. பக்கத்திலிருந்த பானுமதி அவள் காதில் கத்தினாள்: “அதான் கிட்டார் வாசிச்சிகினு கீதே அக்கா!”

“எங்க கீது? எனுக்கு ஒண்ணும் கேக்கல.”

பின்னாலிருந்து ஒரு பையன், “அதுக்குக் காது செவுடு, வுடு அண்ணாத்த, பாட்டப் போடு!” என்றான். கூட்டம் சிரித்தது. சிரிக்கிற வாய்களைப் பார்த்தே பூவாயி புரிந்துகொண்டாள்.

“ஆமாண்டா, செவுடுதான். மத்தியானம் அவரு வாசிச்சது மட்டும் எனுக்கு எப்படிடா கேட்டுச்சி? வவுத்துல வந்து குந்திகினு போவமாட்டேன்னுச்சி.”

பிரவின்குமார் மெல்லிய குரலில், “அண்ணே, இது செல்லாது. அவங்களுக்குக் காதே...” என்றான்.

உலகநாதன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கணக்குப் பார்த்தார். முந்நூறு பேர் விசிலடித்தது ஒரு பக்கம். வேனில் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். எழுந்து நின்றது ஒருத்தி. அவள் இன்னும் உட்காரவும் இல்லை.

“பட்டன்லேர்ந்து எடுரா கைய. அவரு வாசிக்கட்டும்” என்றார்.

ஏசுபாதம் கூட்டத்தைப் பார்க்கவில்லை. முந்நூறு பேருக்கும் முதுகைக் காட்டிக் குனிந்தார். இடுப்பைப் பிடித்தபடியே அந்தக் கனத்தை இரண்டு கையாலும் அணைத்து, மெல்ல மெல்ல நகர்த்தி, பெட்டியின் முகம் பூவாயியைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார்.