வழக்கம்போல இருங்க

இரண்டு மாதம் முன்பு என் சம்பந்தியம்மா அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறினார். ஜாக்கெட்டுக்குள்ளிருந்து இரண்டு மூன்று ஒயர் எட்டிப் பார்த்தது. இடுப்பில் ஒரு குட்டிப் பெட்டி. லேடீஸ் கம்பார்ட்மென்ட் மொத்தமும் அவரையே பார்த்தது.

எதிர் சீட்டுப் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. “என்னக்கா, டிவி ஷூட்டிங்கா? மைக்கெல்லாம் மாட்டி வச்சிருக்காங்க?”

“ஆமா. நெஞ்சுதான் இன்னிக்கு பாடப் போவுது. வந்து கேளு” என்றார் சம்பந்தி, வேர்க்கடலையை வாயில் போட்டுக்கொண்டே.

இப்படி ஒரு சம்பந்தி எனக்கு. பெயர் பிலோமினா. என் மருமகள் ஜெனியின் அம்மா. அம்பத்தூர் எஸ்டேட்டில் நட்டு, போல்ட் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்து ரிடையர் ஆனவர். கணவர் இறந்த பிறகு வேப்பம்பட்டில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். மகன், ஜெனி, நான்... மூவரும் நூம்பலில் ஒரு ஃப்ளாட்டில். கல்யாணம் பேசப் போனபோது தட்டை நீட்டி “துன்னுங்க சம்மந்தி” என்றார். கும்பகோணத்துக்காரியான நான் ஒரு நிமிடம் திகைத்துப் போனேன். இப்போது அந்த வார்த்தை இல்லாமல் யார் கொடுத்தாலும் உபசாரமாகவே தோன்றுவதில்லை.

கொஞ்ச நாளாகவே அவருக்குத் திடீர் திடீரென்று தலைசுற்றல். கண் இருட்டும், அடுத்த நிமிடம் சரியாகிவிடும். ஈ.சி.ஜி. எடுத்தால் நார்மல். மறுபடி எடுத்தால் மறுபடி நார்மல். பள்ளிக்கூடத்துக்கு டி.இ.ஓ. இன்ஸ்பெக்‌ஷன் வரும் நாளில் மட்டும் கைகட்டி உட்காரும் பிள்ளைகள் மாதிரி, அவர் இதயம் டாக்டரைக் கண்டதும் சமர்த்தாகிவிடும்.

“இது சரிப்படாது” என்று டாக்டர் ஹோல்டர் டெஸ்ட் எழுதினார். ஒரு நாள் முழுக்க மெஷினை உடம்போடு ஒட்டிவிடுவார்கள். இதயம் என்னென்ன சேட்டை செய்கிறதோ எல்லாம் அதில் பதிவாகிவிடும்.

லேபில் ஒயர் ஒட்டிய பெண் சொன்னாள்: “வழக்கம்போல இருங்கம்மா. என்னென்ன செய்வீங்களோ எல்லாம் செய்யுங்க. குளிக்க மட்டும் வேண்டாம். தலை சுத்தினா இந்த பட்டனை அமுக்குங்க.”

சாதாரணமான வார்த்தைதான். ஆனால் அதற்குள் ஒரு சிக்கல் இருந்தது.

ஜெனி முன்பே கண்டிஷனாகச் சொல்லிவிட்டாள். “ரிப்போர்ட்ல ஏதாவது வந்துச்சுன்னா வேப்பம்பட்டு வீட்டைப் பூட்டறோம். நீ எங்ககூட வந்துடற. இதுக்குமேல தனியா விட முடியாது.” பெற்ற மகள் பயப்படுவது நியாயம்தானே? பிலோமினாவும் எதிர்த்துப் பேசவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார்: “உங்க ஊடு நல்ல ஊடுதான் சம்மந்தி. என் பொண்ணும் தங்கம். ஆனா அங்க நான் கெஸ்ட்டு. கடைசி வரிக்கும் கெஸ்ட்டாவே இருக்க முடியுமா?”

எனக்குச் சுருக்கென்றது. அந்த வீட்டில் நானும்கூடப் பாதி கெஸ்ட்தான்!

டெஸ்ட் அன்று ஜெனிக்கு ஆபீசில் லீவு கிடைக்கவில்லை. “அத்தை, ஒரு நாள் அம்மாகூட இருங்க. அங்க இங்க அலையாம பாத்துக்கோங்க” என்று என்னை அனுப்பினாள். அதாவது, ஒற்றர் வேலை. ஆனால் வேப்பம்பட்டு வந்து சேர்வதற்குள் ஒற்றர் கட்சி மாறிவிட்டாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் என் யோசனையை எடுத்துவிட்டேன். “சம்பந்தி, பேசாம சோபாவில் சாய்ஞ்சுக்கோங்க. சீரியல் பாருங்க. சமையலை நான் பார்த்துக்கறேன். நாளைக்குக் காலையில் மெஷினைக் கழற்றிக் கொடுத்துடலாம். ரிப்போர்ட் ஜம்முனு வரும்.”

இதிலென்ன தப்பு? நம் வயதுக்காரர்கள் எல்லாரும் செய்வதுதானே? சுகர் டெஸ்ட் என்றால் மூன்று நாள் முன்பே ஸ்வீட்டுக்குத் தடை, சாதத்துக்கு அளவு, மொட்டைமாடியில் இரண்டு வேளை நடை. ரத்தம் கொடுத்துவிட்டு லேப் வாசலிலேயே ஸ்ட்ராங்காக, சர்க்கரை தூக்கலாக ஒரு காபி. பி.பி. பார்க்கும் முன் கண்ணை மூடி மூச்சுப் பயிற்சி. ரிப்போர்ட் நார்மல் என்றதும் ஏதோ ஸ்டேட் ஃபர்ஸ்ட் வந்தமாதிரி ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ. நமக்கு டெஸ்ட் எதற்கு — நோயைக் கண்டுபிடிக்கவா, டாக்டரிடம் நல்ல பெயர் வாங்கவா?

பிலோமினா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எங்க கம்பெனில ஒரு சூப்பர்வைசர் இருந்தாரு சம்மந்தி. ஆடிட்டு வந்தா நல்ல பீஸா பொறுக்கி, தொடச்சி, எண்ண போட்டு ட்ரேல அடுக்கி வெப்பாரு. ஆடிட்டருக்கு ரொம்ப சந்தோசம். கை குட்த்துட்டு பூடுவாரு. அடுத்த வாரம் பாத்தா லாரியோட மாலு ரிட்டன் வந்துகினு இருக்கும்.”

பையை எடுத்துக்கொண்டார். “வயக்கமா இந்நேரத்துக்கு நான் மீன் வாங்கப் போவேன். வரீங்களா?”

மீன் விற்பவர் உட்காருவது ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம். நடைமேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். ஏறினார். என் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்துக்கு அந்த மெஷினை எனக்கு மாட்டியிருக்கலாம்.

மீன்காரம்மா ஒயர்களைப் பார்த்ததும் பதறிப்போனார். பிலோமினா விலையைக் குறைத்துக் கேட்டதும், “எடுத்துக்கோக்கா, நீ சொன்ன வெலையே குடு” என்றார் மறுபேச்சில்லாமல்.

சம்பந்திக்கு வந்ததே கோபம். “இன்னாமே, இன்னா ஆச்சி உனுக்கு? நாள் தவறாம சண்ட போடுவ, இன்னிக்கு எனுக்கு பிச்ச போடுறியா? மெசினு ஓடிகினு கீது. ஒய்ங்கா சண்ட போடு.”

அந்தம்மா சிரித்துவிட்டு ஆரம்பித்தார் பாருங்கள்... வஞ்சிரம் என்ன, இந்தக் கெளுத்திகூட உன் கைக்கு எட்டாது என்கிற ரேஞ்சில். சண்டை முடிந்ததும் பிலோமினா முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

திரும்பும்போது பாலத்தில் கடைசிப் படி ஏறியதும் நின்றார். கம்பியைப் பிடித்தார். முகம் வெளுத்துவிட்டது. மீன் பை கையிலிருந்து நழுவியது. நான் அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு “சம்பந்தி, சம்பந்தி” என்றேன். வேறு வார்த்தை வரவில்லை. அவர் என் தோளில் சாய்ந்தபடியே வலது கையால் தடவித் தடவிப் பெட்டியைத் தேடினார். பட்டனை அமுக்கினார்.

மெதுவாக நிறம் திரும்பியது. படியில் உட்கார வைத்தேன். கண்ணைத் திறந்து, “மாட்டிகிச்சி சம்மந்தி” என்றார்.

பையிலிருந்து போனை எடுத்தேன். “ஜெனிக்கு...” என்று இழுத்தேன்.

“போன் பண்ணுங்க. மறைக்கிறதுக்கா பட்டன அமுக்கினேன்?”

ஜெனியிடம் பேசிவிட்டுத் திரும்பினேன். அவர் பாலத்தின் மேலிருந்து தன் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஊடு பூட்ச்சி” என்றார், எனக்கே அரைகுறையாகக் கேட்ட குரலில். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று நான் நினைத்துக்கொள்ள வேண்டுமாம். நினைத்துக்கொண்டேன்.

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், இதயத் துடிப்பு நடுநடுவே சில விநாடிகள் நின்று நின்று போகிறது என்றார். பேஸ்மேக்கர் வைத்தாக வேண்டும். “அந்த நேரத்துல பட்டன் அமுக்கினது நல்லதாப் போச்சு. இதைக் கண்டுபிடிக்காம விட்டிருந்தா என்னிக்காவது படிக்கட்டுல விழுந்திருப்பீங்க.”

சோபா யோசனை சொன்னவள் பக்கத்து நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

ஜெனி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “இதை வச்சதுக்கு அப்புறம் இவங்க எப்படி இருக்கணும் டாக்டர்? யாராவது கூடவே இருக்கணும் இல்ல?”

“கொஞ்ச வாரம் இடது கையைத் தூக்கக்கூடாது. செக்கப்புக்குத் தவறாம வரணும். மத்தபடி வழக்கம்போல இருக்கலாம்.”

பிலோமினா நிமிர்ந்தார். “இன்னா சொன்னீங்க டாக்டர்? எம் பொண்ணுகிட்ட இன்னொரு தபா சொல்லுங்க.”

டாக்டர் சொன்னார். அதே வார்த்தை. ஜெனி அழுதுகொண்டே சிரித்தாள். வீட்டைப் பூட்டும் பேச்சு அதோடு நின்றது.

தைரியசாலிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும் தைரியம் இந்த ஒரு மனுஷியிடம்தான் பார்த்தேன். எனக்கு இருந்திருக்காது. சீரியல்தான் பார்த்திருப்பேன்.

பேஸ்மேக்கர் வைத்து, கை தூக்க டாக்டர் அனுமதியும் கொடுத்துவிட்டார். போன வாரம் வேப்பம்பட்டு போனேன். பாலத்தில் அவர் முன்னே, நான் பின்னே மூச்சு வாங்கியபடி. மீன்காரம்மா சண்டைக்கு ரெடியாக இருந்தார்.

வீட்டில் ஒரு தட்டு நிறைய அச்சு முறுக்கு. நல்ல இனிப்பு. “துன்னுங்க சம்மந்தி.”

“ஐயோ, வேண்டாம். நாளைக்கு எனக்கு சுகர் டெஸ்ட்.”

“வயக்கமா துன்னுவீங்களா, மாட்டீங்களா?”

“...சாப்பிடுவேன்.”

“அப்பறம் இன்னா?”

இரண்டு எடுத்துக்கொண்டேன். சரி, மூன்று. ரிப்போர்ட்டும் வந்துவிட்டது.

உண்மை கசக்கும் என்பார்கள். என்னுடையது இனிக்கிறது — கொஞ்சம் அதிகமாகவே!