ஒன்றரை மணி நேரம் முந்தி வந்த விமானம்

முருகனை நம்பும் உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எழுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம், அபுதாபி விமான நிலையத்தில் என் எட்டு வயது மகள் வள்ளியைத் தொலைத்துவிட்டு நின்றேன். தப்பு முழுக்க என்னுடையது.

அவள் பம்பாயில் என் தம்பி வீட்டில் இருந்தாள். விசா வந்ததும் தம்பி அவளை விமானப் பணிப்பெண்ணிடம் ஒப்படைத்துத் தனியாக ஏற்றிவிட்டான். காலை ஒன்பதுக்குக் கிளம்பும், மூன்று மணி நேரப் பயணம் என்று தந்தி வந்திருந்தது. என் வீட்டுக்காரர் ருவைஸ் என்ற ஊரில் கட்டட சைட்டில் இருந்தார். அங்கிருந்து நூற்றைம்பது மைல் பாலைவனம் தாண்டி வர வேண்டும். லீவு கிடைக்கவில்லை. "நீயே போய்க் கூட்டிட்டு வா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நானோ கடையில் உப்பு கேட்கவே கூச்சப்படுகிறவள்.

அன்று விடிந்ததிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், ஜன்னலுக்குப் போனேன். ஆயிரத்து இருநூறு மைல், கீழே கடல், குழந்தை தனியாக வருகிறாளே! ஒன்பதும் மூன்றும் பன்னிரண்டு. விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தேன். பதினொன்றே முக்காலுக்கு டாக்சியில் போய் இறங்கினேன்.

அங்கே கூட்டமே இல்லை. தரை துடைத்துக்கொண்டிருந்தவர் தமிழர், இராமநாதபுரத்துக்காரர்.

"பம்பாய் பிளைட்டாக்கா? அது பத்தரைக்கே வந்துருச்சே."

"பன்னெண்டுக்குத்தானே வரணும்?"

"ஊர் மணியில கணக்குப் போட்டீங்களாக்கும்! இங்க ஒன்றரை மணி நேரம் பின்னாடில்லக்கா?"

எனக்குத் தெரியாததா? இரண்டு வருஷமாக அங்கேதான் இருந்தேன். பதற்றத்தில் புத்திக்கு எட்டவில்லை.

அவர் போய் வாசல் காவலரிடம் இந்தியில் கேட்டார். காவலர் கையை விரித்தார்.

"பச்சா மாஃபி. கலாஸ்."

குழந்தை இல்லை, எல்லாரும் போயாச்சு என்கிறார். யார் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்? அங்கும் இங்கும் நடந்தேன். உள்ளே விடுங்கள் என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. முருகா, என் பிள்ளையைக் காட்டு. தேட எனக்கு ஒரு வாயைக் கொடு. இவ்வளவுதான் வேண்டினேன்.

"வள்ளீ!"

அந்தச் சத்தம் என்னுடையதுதானா என்று எனக்கே தெரியவில்லை. காவலர் திடுக்கிட்டுத் திரும்பினார். மறுபடி கூப்பிட்டேன். உள்பக்கம் ஒரு கதவு திறந்தது.

"ஏம்மா இப்படிக் கத்துற? எல்லாரும் பாக்குறாங்க."

வள்ளிதான். கையில் பிஸ்கட். பின்னாலேயே விமானக் கம்பெனி ஆபீஸ் பெண் ஓடி வந்தாள். யாரும் வராததால் குழந்தையைத் தன் அறையில் வைத்திருந்தாளாம். காவலர் அப்போதுதான் டூட்டிக்கு வந்தவர், அவருக்குத் தெரியவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

வியாழக்கிழமை வந்த என் வீட்டுக்காரர் சிரித்தார். "ருவைஸ் வரைக்கும் கேட்டுச்சு உன் சத்தம்! அப்படியே என் பேரையும் ஒரு தடவை கூப்பிடேன்."

அதுவரை, அங்கே நம்மவர்கள் கூடிச் செய்யும் வெள்ளிக்கிழமை பூஜையில் பின்னால் நின்று உதட்டை மட்டும் அசைப்பேன். அந்த வாரம் வாய் விட்டுப் பாடினேன். இன்றும் பாடுகிறேன். சுருதி சேராது, விடுவதில்லை.

நம் கையால் வந்த கஷ்டத்துக்கு எந்த முகத்தோடு முருகனிடம் போவது என்று தயங்குகிறீர்களா? நானும் அப்படித்தான் நின்றேன். என் தப்பைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளையைத்தான் கொடுத்தான். கூச்சப்படாமல் கூப்பிடுங்கள்.